தோசையை மடிக்கக் கூடாது

ஓடும்போது தடுக்கி விழுகிறான். முழங்கால் சிராய்ந்து ரத்தம் கசிகிறது. நான்கு வயதுப் பையன் எழுந்து, ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டிவிடாமல் மறுபடி ஓடுகிறான். அதே பையன் அன்று ராத்திரி தட்டைப் பார்த்ததும் வீறிடுகிறான். தினமும் விரித்தபடி வைக்கிற தோசையை இன்று ஊரிலிருந்து வந்த சித்தி இரண்டாக மடித்து வைத்துவிட்டாள். பதறிப்போய் விரித்துக் கொடுக்கிறார்கள். மடிப்புக் கோடு தெரிகிறது. புதிதாக ஒன்று வார்த்துப் போடுகிறார்கள், அதுவும் செல்லவில்லை. அரைமணி நேரம் அலறி, உடம்பெல்லாம் வியர்த்து, களைத்துத் தூங்கிப்போகிறான்.

"பிடிவாதம்" என்பார் ஒருவர். "செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்பார் இன்னொருவர். நாலு அடி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்ல எப்போதும் ஒரு மாமா இருப்பார். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அங்கேயே கிடக்கிறது. ரத்தத்துக்கு அழாத பிள்ளை ஒரு மடிப்புக்கு ஏன் அழுகிறான்? பிடிவாதம்தான் காரணமென்றால், கேட்டது கிடைத்தவுடன் அழுகை நின்றிருக்க வேண்டுமே?

இந்தப் பையனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். அது நோயல்ல. மூளை வேறு விதமாக வளர்ந்து, வேறு விதமாக வேலை செய்யும் நிலை. ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலர் சரளமாகப் பேசுவார்கள், சிலருக்குப் பேச்சே வராது. பெண் குழந்தைகளில் பலர் கண்ணில் படாமலே தப்பிவிடுகிறார்கள். இந்த அத்தியாயம் அதன் ஒரே ஒரு முகத்தைப் பற்றியது: எல்லாம் அதனதன் இடத்தில், அதனதன் வரிசையில், நேற்றுப்போலவே இன்றும் இருக்க வேண்டும் என்ற தவிப்பு.

எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே?

ஆமாம், ஓரளவுக்கு. ஒரே கதையை ஒரே மாதிரி சொல்லச் சொல்வது, ஒரே டம்ளரில்தான் பால் குடிப்பது, அப்பாவின் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் சண்டைக்கு வருவது எல்லாம் இரண்டு வயதுக்காரர்கள் இருக்கிற எந்த வீட்டிலும் நடப்பவை. அமெரிக்க உளவியலாளர் டேவிட் எவன்ஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இதைப் பற்றிப் பெற்றோர்களிடம் விரிவாகக் கேட்டு 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்ற பிடி பொதுவாக இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் தளர்கிறது என்று அதில் தெரிந்தது. உலகம் எப்படி இயங்குகிறது என்று இப்போதுதான் கற்றுக்கொள்கிற குழந்தை, கற்றது கலைந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் இந்தப் பிடி தளர்வதில்லை. டம்ளரோடும் கதையோடும் நிற்காமல், எந்தச் செருப்பு முதலில், எந்த வழியில் கடைக்கு, விளக்கை யார் போடுவது என்று நாள் முழுக்கப் பரவுகிறது. மீறினால் வருவது சிணுங்கல் அல்ல, பீதி. இந்தக் கடைசி வேறுபாட்டைத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் கவனிப்பதில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தில் கோபத்தைவிட அச்சம்தான் அதிகம்.

33 பக்கக் கடிதம்

1938-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ஒரு தகப்பனார் தன் ஐந்து வயது மகனைப் பற்றி 33 பக்கம் தட்டச்சு செய்து மருத்துவருக்கு அனுப்பினார். பையன் பெயர் டொனால்ட் டிரிப்லெட். மருத்துவர் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கேன்னர். டொனால்டையும் அவனைப்போன்ற வேறு பத்துக் குழந்தைகளையும் பற்றிக் கேன்னர் 1943-இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் என்ற தனி வகைப்பாடு பரவலாக அறியப்பட்டது.

மதியத் தூக்கம் முடிந்து டொனால்ட் கட்டிலிலிருந்து இறங்க வேண்டுமென்றால், அம்மா ஒரு குறிப்பிட்ட கேள்வியைக் கேட்க வேண்டும். என்ன கேட்க வேண்டும் என்று அவனே சொல்லித்தருவான். அம்மா கேட்ட பிறகு, 'சரி' என்று சொல்லச் சொல்வான். சொன்னால்தான் இறங்குவான்.

அதே கட்டுரையில் வரும் இன்னொரு சிறுவனின் குடும்பம் வீடு மாறியது. சாமான் ஏற்ற வந்தவர்கள் அவன் அறையின் கம்பளத்தைச் சுருட்டியதும் அவன் நிலைகொள்ளாமல் தவித்தான். புது வீட்டுக்குப் போனார்கள். அங்கே அவன் அறைச் சாமான்கள் பழைய அறையில் இருந்த அதே அமைப்பில் போடப்பட்டிருந்தன. அதைப் பார்த்த நொடியில் தவிப்பு அடங்கியது. ஒவ்வொரு சாமானாகப் போய் அன்போடு தட்டிக்கொடுத்தானாம்.

இந்தச் சின்னச் சம்பவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வீடே மாறிவிட்டது, தெரு, சுவர், ஜன்னல் எதுவும் பழையதில்லை. இருந்தும் அவன் அடங்கிவிட்டான். அப்படியானால் 'எதுவுமே மாறக் கூடாது' என்பதல்ல அவன் கோரிக்கை. அடுத்து எது எங்கே இருக்கும் என்று தெரிந்தால் போதும். தீர்வின் விதை 1943-லேயே அச்சாகிவிட்டது. அதைப் பயிராக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன. நடுவில் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் பழி சுமந்தார்கள். தாயின் பாசமின்மைதான் குழந்தையை இப்படி ஆக்குகிறது என்று சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் ஒரு நூலே எழுதினார். அது நன்றாக விற்கவும் செய்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தகப்பனாரும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1964-இல், இதன் வேர் உடலியலில் இருக்கிறது என்று வாதிட்டிருந்தார். தாயைக் குறை சொல்லும் பழக்கம் நம் ஊரில் இன்னும் முழுசாகப் போகவில்லை என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இல்லாத படி

இருட்டில் மாடிப்படி இறங்குகிறீர்கள். இன்னொரு படி இருக்கிறது என்று காலை இறக்குகிறீர்கள், தரை வந்துவிட்டது. உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. தரை உங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. கால் எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறொன்று, அவ்வளவுதான்.

அடுத்த நொடி என்ன நடக்கும் என்று நம் மூளை ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. இதை முன்கணிப்பு என்போம். கணித்ததற்கும் நடந்ததற்கும் இடையே வரும் வேறுபாடு கணிப்புப் பிழை. பிழை வரும்போதெல்லாம் மூளை ஒரு முடிவெடுக்க வேண்டும்: இது பொருட்படுத்த வேண்டியதா, தள்ளிவிடக் கூடியதா? நேற்று வட்டமாக இருந்த தோசை இன்று ஓரத்தில் கொஞ்சம் நெளிந்திருக்கிறது. பெரும்பாலான மூளைகள் 'தோசைதானே' என்று தள்ளிவிடும். உங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அந்தத் தள்ளிவிடும் வேலை எளிதில் நடக்காவிட்டால்? ஒவ்வொரு நெளிவும் ஒரு செய்தியாக வந்து நின்றால்?

ஆட்டிசத்தில் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது என்று கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல ஆய்வாளர்கள் வெவ்வேறு வழியில் சொல்லியிருக்கிறார்கள். 2012-இல் லிஸ் பெலிகானோவும் டேவிட் பர்ரும், பழைய அனுபவத்தின் பிடி இவர்களுக்குத் தளர்வாக இருப்பதால் உலகம் வடிகட்டப்படாமல் நேரடியாக வந்து மோதுகிறது என்றார்கள். 2014-இல் பெல்ஜியத்தின் சாண்டர் வான் டி க்ரூய்ஸ் குழு, சின்னப் பிழை பெரிய பிழை என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் மூளை ஒரே கனம் கொடுத்துவிடுகிறது என்றது. அதே ஆண்டு, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றும் பவன் சின்ஹா, ஆட்டிசத்தின் பல முகங்களை முன்கணிப்புச் சிக்கல் என்ற ஒரே நூலில் கோக்க முடியும் என்று எழுதினார்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது 2017-இல் ரெபெக்கா லாசனும் குழுவினரும் வெளியிட்ட சோதனை. ஓர் ஒலி கேட்கும். பிறகு திரையில் ஒரு முகமோ வீடோ தோன்றும். எது என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஒலிக்குப் பின் பெரும்பாலும் வீடு, அந்த ஒலிக்குப் பின் பெரும்பாலும் முகம் என்று ஒரு விதி இருக்கும். அந்த விதி அவ்வப்போது மாறும். எதிர்பாராத படம் வந்தால் பொதுவாக நம் விரல் தயங்கும். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் அந்தத் தயக்கம் குறைவாக இருந்தது. அவர்களுக்கு ஆச்சரியம் குறைவு! கணக்கிட்டுப் பார்த்தபோது தெரிந்த காரணம்: உலகின் விதிகளே எந்நேரமும் மாறிக்கொண்டிருக்கின்றன என்று அவர்கள் மூளை எடுத்துக்கொள்கிறது.

நாம் நினைத்ததற்கு இது நேர்மாறு. மாற்றத்தை எதிர்பார்க்காததால் அந்தப் பையன் அலறுகிறான் என்று நினைத்தோம். எங்கே பார்த்தாலும் மாற்றம் வரும் என்று அவன் மூளை சதா எதிர்பார்த்துக்கொண்டிருந்தால்? அப்படிப்பட்ட உலகில், மாறாது என்று உறுதியாகத் தெரிந்த நாலைந்து விஷயங்கள் எவ்வளவு விலையுயர்ந்தவையாக இருக்கும்! விரித்த தோசை அவற்றில் ஒன்று. சித்தி மடித்தது அதைத்தான்.

இது நிலைநாட்டப்பட்ட முடிவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. லாசனின் சோதனை பெரியவர்களிடம் நடந்தது. நான்கு வயதுக்காரனுக்கு அப்படியே பொருத்த முடியாது. இந்தக் கோட்பாடுகள் தமக்குள்ளேயே முரண்படுகின்றன. ஆனால் வீட்டில் என்ன செய்யலாம் என்பதற்கு இவை எல்லாம் காட்டும் திசை ஒன்றுதான்.

முழங்காலுக்கு ஏன் அழவில்லை?

இதற்கு விடை புலன்களில் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்குக் குக்கர் விசில் காதைப் பிளப்பதுபோல் இருக்கும். சட்டையின் கழுத்துப் பட்டி உறுத்தும். ஆனால் சுடுவதும் அடிபடுவதும் உறைக்காதவர்போல் இருப்பார்கள். ஒரே குழந்தையிடம் ஒரு புலன் கூர்மையாகவும் இன்னொன்று மந்தமாகவும் இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில்தான் இது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக முறைப்படி இடம்பெற்றது. பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அழவில்லை என்பதால் வலிக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. வலியைக் காட்டத் தெரியாமலும் இருக்கலாம். திடீரென்று ஒரு வாரமாக வரிசையும் ஒழுங்கும் இறுகிப்போனால், முதலில் பல்லையும் காதையும் வயிற்றையும் பாருங்கள்.

தெருவைத் தோண்டிவிட்டார்கள்

இனி ஒரு வீட்டுக்குள் போவோம். பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து நான் கட்டிய வீடு இது. அம்மா, அப்பா, பாட்டி, ஏழு வயது அக்கா, நான்கு வயதுச் சின்னவன். காலையில் ஆட்டோ வரும். பிள்ளையார் கோயில், மாவு மில், பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம். சின்னவனுக்கு இந்த வரிசை மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை மில் தெருவில் மாநகராட்சி பலகை வைக்கிறது. பாதாளச் சாக்கடைப் பணி. திங்கள் முதல் தெரு மூடல். இனி ரயில்வே கேட் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

முதலில் ஒரு துப்பறியும் வேலை இருக்கிறது. சின்னவன் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறான்? வழியையா, ஆட்டோவையா, புறப்படும் நேரத்தையா? பழைய சம்பவங்களை யோசித்தால் விடை கிடைக்கும். போன மாதம் ஆட்டோ வராத அன்று அப்பா பைக்கில் அதே வழியில் கூட்டிப்போனார், அவன் அழவில்லை. எனவே ஆட்டோ முக்கியமில்லை. ஒரு நாள் மில்லுக்கு முன்னால் லாரி நின்று மில்லை மறைத்தது, அன்று அழுதான். எனவே அவன் பற்றியிருப்பது வழியில் வரும் அடையாளங்களை. இது தெரியாமல் செய்யும் எந்த ஏற்பாடும் குருட்டாம்போக்குதான்.

அந்த வீட்டுச் சுவரில் ஏற்கெனவே ஒரு படவரிசை ஒட்டியிருக்கிறது. குளியல், இட்லி, சீருடை, ஆட்டோ, பள்ளி. அம்மா போனில் எடுத்த படங்கள். கடையில் அச்சிட்டு லேமினேட் செய்து, பிய்த்து ஒட்டும் பட்டையால் பொருத்தியவை. ஒரு வேலை முடிந்ததும் சின்னவன் அந்தப் படத்தைப் பிய்த்துக் கீழே உள்ள டப்பாவில் போடுவான். இந்த உத்திக்கு ஒரு வரலாறு உண்டு. பெட்டல்ஹைம் இருந்த அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்த எரிக் ஷாப்ளர், அவருக்கு நேரெதிர்த் திசையில் போனார். பெற்றோரைக் குற்றவாளிகளாகப் பார்க்காமல், சிகிச்சையில் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டார். ஒழுங்கமைத்த வகுப்பில் இந்தக் குழந்தைகள் கட்டற்ற வகுப்பில் இருப்பதைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்று 1971-இல் ஷாப்ளரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். அடுத்த ஆண்டு வட கரோலினா மாநிலமே இந்த அணுகுமுறையில் அமைந்த அவருடைய 'டீச்' திட்டத்தை ஏற்றுக்கொண்டது. சொன்ன சொல் காற்றோடு போய்விடும், படம் சுவரிலேயே இருக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. 'நாளைக்கு', 'அப்புறம்' போன்ற சொற்கள் எந்த நான்கு வயதுக்கும் புகைமூட்டம்தான். இவனுக்கு இன்னும் அதிகம்.

படவரிசையில் இன்னொரு அட்டையும் உண்டு. ஆரஞ்சு நிற வட்டம்; மாற்ற அட்டை. இதை அம்மா சில வாரங்களுக்கு முன்பே பழக்கியிருந்தாள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதன்முதலாக அட்டையைக் காட்டுவதே கெட்ட சேதி சொல்ல என்றால், அந்த நிறத்தைக் கண்டாலே பிள்ளை ஓடிவிடும். அவள் அப்படிச் செய்யவில்லை. மாலையில் வாழைப்பழப் படத்தின் மேல் ஆரஞ்சு வட்டம் வைத்தாள். அன்று ஐஸ்கிரீம் வந்தது. இன்னொரு நாள் சாதாரணக் குளியல் படத்தின் மேல். அன்று அண்டா நிறையத் தண்ணீர், உள்ளே உட்கார்ந்து விளையாடலாம். மாற்றம் என்று ஒன்று உண்டு, அது வருமுன் இந்த வட்டம் வரும் என்று சின்னவனின் மூளை கற்றுக்கொண்டது. மாற்றமே இப்போது கணிக்கக்கூடிய பொருளாகிவிட்டது.

சனிக்கிழமை அப்பா அவனை மில் தெருவுக்கு நடத்திக் கூட்டிப்போய்ப் பள்ளத்தைக் காட்டுகிறார். ஜே.சி.பி. நிற்கிறது. சமாதானத்துக்காக "ஒண்ணுமில்ல, எல்லாம் ஒரே வழிதான்" என்று அவர் சொல்வதில்லை. அது பொய், அடுத்த முறை அப்பா சொல்வதையும் நம்பமுடியாது என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் பொய். பிறகு புது வழியில் போய் மூன்று அடையாளங்களைப் படமெடுக்கிறார்கள்: ரயில்வே கேட், தண்ணீர்த் தொட்டி, நீல நிற வீடு. ஞாயிற்றுக்கிழமை புது வரிசை சுவரில் ஏறுகிறது. முதல் படம் அதே ஆட்டோ, கடைசிப் படம் அதே பள்ளிக்கூடம். நடுவில்தான் ஆரஞ்சு வட்டமும் மூன்று புதுப் படங்களும். உட்காரும் இடம் அதே இடம், மடியில் அதே பை. மாறுவது எது என்று காட்டுவதைப்போலவே மாறாதது எது என்று காட்டுவதும் முக்கியம்.

சொல்லும் வாக்கியங்கள் மூன்று: "மில் தெரு மூடியிருக்கு. கேட் வழியா போறோம். அப்புறம் பள்ளிக்கூடம்." அம்மா, அப்பா, பாட்டி, அக்கா எல்லோரும் அதே மூன்றைச் சொல்ல வேண்டும். ஆட்டோ அண்ணனுக்கும் சொல்லிக்கொடுத்தாயிற்று. அவர் பாவம், உற்சாகத்தில் நாலைந்து வாக்கியம் கூடுதலாகச் சொல்லிவிட்டார், அக்கா முறைத்தாள்.

திங்கட்கிழமை சின்னவன் அழுதானா? அழுதான். மில் தெரு முனையில் ஆட்டோ நேராகப் போனதும் சத்தமாகவே அழுதான். ஆனால் கையில் இருந்த படவரிசையைப் பார்த்தான். கேட் வந்தது, படத்திலும் கேட். தொட்டி வந்தது, படத்திலும் தொட்டி. இறங்கும்போது விசும்பல் மட்டும்தான் மிச்சம். தயார் செய்தால் அழுகையே வராது என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். கணிப்பு பலிக்கிறது என்ற அனுபவம் ஒவ்வொரு அடையாளத்திலும் சேர்ந்துகொண்டே போவதுதான் இங்கே நடக்கும் வேலை.

வியாழக்கிழமை புதுச் சிக்கல். கேட் மூடியிருக்கிறது. திங்கள் முதல் புதன் வரை திறந்திருந்ததை அவன் மூளை விதியாக்கிவிட்டது. இங்கேதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. ரயில்வே கேட் எப்போது மூடியிருக்கும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. அன்று மாலை அம்மா கேட் படத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இரண்டு சிறு படங்களை அருகருகே ஒட்டுகிறாள்: திறந்த கேட், மூடிய கேட். நடுவில் ஒரு கேள்விக்குறி. திறந்திருந்தால் போகிறோம். மூடியிருந்தால் ரயில் பெட்டிகளை எண்ணுகிறோம். 'இதுவா அதுவா, தெரியாது. ஆனால் இரண்டில் எது வந்தாலும் என்ன செய்வது என்று தெரியும்.' நிச்சயமின்மையைத் தாங்கப் பழகுவது என்பது இதுதான்.

சின்னவனுக்கு ரயில் பெட்டிகள் பிடித்துப்போய்விட்டன. கேட் திறந்திருக்கும் நாட்களில் முகம் சுருங்க ஆரம்பித்தது வேறு கதை. சில மாதங்களில் மில் தெருவுக்குத் தார் போட்டு முடித்துத் திறந்துவிட்டார்கள். பெரியவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டு மறுநாளே பழைய வழியில் போனார்கள். அன்று அலறிய அலறலில்தான் அவர்களுக்குப் புரிந்தது, இப்போது மாற்றம் என்பது பழைய வழி. ஆரஞ்சு வட்டம் மறுபடி சுவரேறியது.

அலறல் தொடங்கிவிட்டால்

ஏற்பாடுகள் எல்லாவற்றையும் மீறி அது வரும். திருமண மண்டபத்தில் வரும், டவுன் பஸ்ஸில் வரும். அடம் என்பதற்கு ஓர் இலக்கும் ஒரு பார்வையாளரும் உண்டு; மிட்டாய் கிடைத்தால் நிற்கும், யாரும் பார்க்காவிட்டால் ஓயும். இந்த வெடிப்பு அப்படி நிற்பதில்லை. புதுத் தோசை வார்த்தும் அலறல் ஓயாதது அதனால்தான். தாங்கும் எல்லை உடைந்துவிட்டது. உடம்பு அபாய நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்நேரத்தில் புத்திமதி காதில் ஏறாது, பேரமும் பலிக்காது, அடி பீதியைக் கூட்டும்.

குறைப்பது ஒன்றே வழி. பேச்சைக் குறையுங்கள், கூட்டத்தைக் குறையுங்கள், முடிந்தால் வெளிச்சத்தையும். தலை இடிக்காமல், கை கால் அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அணைத்தால் சிலர் அடங்குவார்கள், சிலர் இன்னும் பதறுவார்கள். உங்கள் பிள்ளை எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும். நம் வீடுகளில் கஷ்டமே, ஒரே நேரத்தில் ஆறு பேர் ஆறு யோசனை சொல்வதுதான். ஒருவர் மட்டும் பேசுவது என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

எவ்வளவு தூரம் விட்டுக்கொடுப்பது?

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவே, தினசரி வெளியே போய் வருவது சிலருக்கு உடல்நலத் தேவை என்று ஏற்று, ஆட்டிசம் உள்ளவர்கள் ஒரு நாளில் ஒருமுறைக்கு மேலும் வெளியே செல்லலாம் என்று பிரிட்டன் விதியைத் தளர்த்தியது. ஓர் அரசே புரிந்துகொண்டதைக் குடும்பம் புரிந்துகொள்வதில் தவறில்லை. கார் பொம்மைகளை வரிசையாக அடுக்கி வைப்பதால் யாருக்கும் நட்டமில்லை. அதைக் கலைத்து 'சரியாக' விளையாடக் கற்றுக்கொடுப்பதில் பெரியவர்கள் காட்டும் வேகம் எனக்கு விளங்குவதே இல்லை. சிறுவயதில் அப்படித் தடுக்கப்பட்ட பலர், வளர்ந்தபின், தங்களை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழியை அது பறித்தது என்று சொல்கிறார்கள்.

மறுபுறம், எதையும் மாற்றாமல் கட்டிக்காப்பதும் ஆபத்து. வீடு சுருங்கிக்கொண்டே போகும். அக்கா தன் தோழியை வீட்டுக்கு அழைக்க முடியாது. பாட்டி ஊருக்குப் போக முடியாது. சாப்பாடு மூன்று வகையில் நின்றுவிடும். எனவே ஒழுங்கு யாருக்காவது தீங்கு செய்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்தால் அங்கே மட்டும், சிறிய அளவில், நல்ல நாளில், பிள்ளை நன்றாகத் தூங்கி எழுந்திருக்கும் வேளையில் தொட வேண்டும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜாக்கி ராட்ஜர்ஸ் குழுவினர் பெற்றோரையே இந்தப் பயிற்சியின் நடத்துநர்களாக்கி ஒரு திட்டம் வகுத்திருக்கிறார்கள். நிச்சயமற்ற ஒரு சின்னச் சூழலைத் தேர்ந்து அதைத் தாங்கப் பழக்குவதுதான் அதன் வழி.

தனியாகச் செய்ய வேண்டியதில்லை. மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகள் உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் சேர்த்திருப்பதால், பள்ளியில் படவரிசை வைக்கச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

பாட்டியின் கேள்வி

"எத்தனை நாளைக்கு இப்படிச் சுவர்ல படம் ஒட்டிக்கிட்டே இருப்பீங்க? வளர்ந்து ஆளான பிறகுமா?"

நியாயமான கேள்வி. படம் போய், படிக்கத் தெரிந்ததும் எழுத்துப் பட்டியல் வரும். பிறகு நோட்டு, பிறகு போனில் நினைவூட்டி. பட்டியலையே தூக்கிப்போட வேண்டும் என்ற இலக்கு எதற்கு? டொனால்ட் டிரிப்லெட் வளர்ந்து சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளுக்குத் தனியாகப் போய் வந்தார். 2023-இல் 89 வயதில் இறக்கும்வரை தன் நாளை ஒரு வரிசைப்படியே நடத்தினார். வரிசை அவரை வீட்டில் கட்டிப்போடவில்லை. பாட்டியும்தான் விடிந்ததும் தினசரிக் காலண்டரின் தாளைக் கிழித்து, ராகு காலம் எப்போது என்று பார்க்காமல் வாசற்படி தாண்டுவதில்லை. ஒரு நாள் அக்கா அதை எடுத்துச் சொன்னபோது, "அது வேற" என்றார் பாட்டி. ஆனால் மறுநாளிலிருந்து சின்னவனின் டப்பாவில் கிழித்த காலண்டர் தாளும் விழத் தொடங்கியது. அதை அவன் கையால் கிழிக்கவிட்டது பாட்டிதான்.